தலைச்சுற்றல்... ஸ்கேன் நார்மல்... ஆனால் காது நார்மலா?

திடீரென்று வீடே சுழல்கிறது. வாந்தி வருகிறது. ஒரு காதில் ஓயாத இரைச்சல். காது அடைத்துக்கொண்டு பேச்சு சரியாகக் கேட்பதில்லை. சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. பிரஷர் நார்மல், ஸ்கேன் நார்மல். 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று வீட்டில் இருப்பவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மெனியர்ஸ் நோய் உள்ள பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. இத்தகைய தலைச்சுற்றலை மூளைக் கோளாறு என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்த காலத்தில், 'காரணம் உள்காதில் இருக்கிறது' என்று 1861-ல் சொன்னவர், பாரிஸைச் சேர்ந்த டாக்டர் புராஸ்பர் மெனியர்.

உள்காதில் இரண்டு திரவங்கள் உண்டு. உள்ளே எண்டோலிம்ப், அதைச் சுற்றி பெரிலிம்ப். நடுவில் மெல்லிய சவ்வு. இந்த நோயில் எண்டோலிம்ப் அதிகமாகி, சவ்வு பலூன் மாதிரி உப்பிவிடுகிறது. 1938-ல் இதைக் கண்டறிந்தது, இறந்தவர்களின் காது எலும்பைப் பரிசோதித்துத்தான். உயிரோடு இருப்பவரின் காதுக்குள் பார்க்க அப்போது வழியில்லை.

அந்த வழியை 2007-ல் காட்டியது, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு. காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நடுக்காதில் செலுத்தி, ஒரு நாள் கழித்து எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். மருந்து பெரிலிம்பில் மட்டுமே கலப்பதால் அது வெள்ளையாகவும், எண்டோலிம்ப் கறுப்பாகவும் தெரிந்தது. கறுப்புப் பகுதி பெருத்திருந்தால், உப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கையில் ரத்தக்குழாய் வழியாகவே மருந்தைச் செலுத்துகிறார்கள். ஆனால், சுமார் 4 மணி நேரம் காத்திருந்து படம் எடுக்க வேண்டும். மருந்து உள்காதுக்குள் மெதுவாகத்தான் ஊறும். ஊசி போட்ட சில நிமிடங்களில் எடுக்கும் வழக்கமான ஸ்கேன், செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று சொல்லும்; இந்த உப்பலைக் காட்டாது. எனவே 'ஸ்கேன் நார்மல்' என்றால் காதும் நார்மல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அதற்காக எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. அறிகுறிகளையும் செவித்திறன் பரிசோதனையையும் வைத்தே பெரும்பாலும் நோயைக் கண்டறிந்துவிடலாம். சந்தேகம் நீடித்தால்தான் இது கைகொடுக்கும். சிறுநீரகப் பிரச்னை, கர்ப்பம், பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தலைச்சுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி, சுற்றலும் இரைச்சலும் திரும்பத் திரும்ப வந்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையக்கூடும். வீட்டில் யாராவது 'சுத்துது' என்றால், முதலில் நம்புங்கள்!