பாட்டியின் உருண்டையும் என் ஓட்ஸ் துண்டும்

காலை வானொலி நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு ஒன்பதரை மணிப் பசி நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து வெறும் கோப்பியோடு ஓடி வருகிறோம். பசியாற நேரம் ஏது? என் கைப்பையில் எப்போதும் இரண்டு கிரனோலா பார் கிடக்கும். ஆரோக்கியம் என்று நம்பித்தான் வாங்கினேன்.

ஒருநாள் பாட்டு ஓடும் நேரத்தில் உறையைத் திருப்பிப் படித்தேன். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். ஓட்ஸுக்கு அடுத்தபடியே சீனி. கொஞ்சம் தள்ளி குளுக்கோஸ் பாகு, அப்புறம் தேன். மூன்றும் இனிப்புதானே!

இந்தக் கிரனோலாவின் மூதாதை 1863இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜேக்சன் என்ற மருத்துவர் செய்த 'கிரனுலா'. இரவெல்லாம் ஊற வைத்தால்தான் மெல்ல முடியுமாம். நம் கடலை மிட்டாய் எவ்வளவோ மேல். 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் கித்தாத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது துணியில் இரண்டு கடலை உருண்டை முடிந்துகொள்வாராம். வெட்டி முடித்து, மங்கில் பால் இறங்கும்வரை காத்திருக்கும் நேரத்துக்கு அதுதான் ஆகாரம். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. லயமும் இல்லை.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஈப்போக்காரர்களுக்குக் கடலைக்கா பஞ்சம்? புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்துக்குப் போனால் போதும். மெங்லெம்பு கச்சாங்கை உரித்தும் போடலாம், அதிலேயே உப்பு இருக்கும்.

ஓட்ஸ் இரண்டு கப், கடலை ஒரு கப், எள் கால் கப், பூசணி விதை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். 200 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சுங்கள்.

முதல் தடவை பாகை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். ஆறியதும் தட்டில் புட்டு மாதிரி உதிர்ந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு சொட்டை தண்ணியில விட்டு உருட்டு. தட்டுல போட்டா 'டங்'னு கேக்கணும்" என்றார். பாட்டி அம்மாவுக்குச் சொன்னதும் இதுதானாம். வீட்டில் யாரிடமும் அளவு எழுதிய தாள் கிடையாது, சத்தம்தான் கணக்கு. சத்தத்தை வைத்தே பிழைக்கும் எனக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

'டங்' கேட்டதும் அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் அழுத்திப் பரப்புங்கள். சூடு இருக்கும்போதே 16 துண்டாகக் கீறிவிடுங்கள். ஆறிவிட்டால் கத்தி இறங்காது. ஈப்போ மழைக்குச் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும் என்பதால் இறுக மூடும் டப்பா அவசியம்.

இங்கேதான் அப்பா வருகிறார். அவருக்கு இனிப்புநீர் வந்து பல வருடமாகிறது. டப்பாவில் கை விட்டவரைப் பிடித்தேன். "இது வெல்லம்தானம்மா, சீனி இல்லையே!" என்றார்.

கணக்கு போட்டுக் காட்டினேன். 200 கிராம் வெல்லம், 16 துண்டு. ஒரு துண்டில் 12 கிராமுக்கு மேல். சேர்க்கும் இனிப்பை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு துண்டிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். உடம்புக்குள் போனபின் வெல்லமும் சீனியும் ஏறக்குறைய ஒன்றுதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய். 'வீட்டில் செய்தது' என்ற ஒரே காரணத்துக்காக அள்ளிச் சாப்பிட முடியாது.

எனக்குக் காலையில் ஒரு துண்டு போதுமாக இருக்கிறது. அப்பாவுக்கென்று வெல்லமில்லாமல் வறுத்த கடலையும் பூசணி விதையும் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்த டப்பா வைத்தது வைத்தபடியே இருக்கிறது. என் டப்பாவில்தான் தினமும் ஒரு துண்டு கூடுதலாகக் குறைகிறது.