லயத்து வீட்டில் 'எர்த்' எது?

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் வயரிங் வேலைக்கு வருபவரிடம் "எர்த் போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்டாச்சு" என்பார். எதைப் போட்டார்? மண்ணில் அடிக்கும் ரொட்டும் எர்த், வீட்டுக்குள் ஓடும் பச்சை-மஞ்சள் வயரும் எர்த், தண்ணீர்க் குழாயோடு கட்டும் வயரும் எர்த். நியூட்ரலைக்கூட "அதுவும் எர்த்துதானே" என்பவர்கள் உண்டு. முதல் மூன்றுக்கும் வெவ்வேறு வேலை. நான்காவது எர்த்தே அல்ல. அப்படி நினைத்து இணைப்பது ஆளைக் கொல்லும்.

குழப்பத்துக்கு விதிநூல்களும் காரணம். இலங்கையில் வீட்டு வயரிங் பிரித்தானியாவின் பி.எஸ். 7671ஐ ஒட்டி நடக்கிறது. அதன்படி நியூட்ரலும் 'லைவ்' கடத்திதான். உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி என்று பிரித்துப் படித்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? அதுவரை 'பேஸ்' என்றிருந்ததை 2008இல் வந்த 17ஆம் பதிப்பு 'லைன்' ஆக்கியது. அமெரிக்க நூலில் 'கிரவுண்டட் கண்டக்டர்' என்பது பெரும்பாலும் நியூட்ரல், 'கிரவுண்டிங் கண்டக்டர்' என்பது எர்த் வயர். யூடியூப் பார்த்துத் தொழில் பழகும் இளைஞருக்கு இது உண்மையான ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. பிரித்தானியாவில் பல வீடுகளுக்கு மின் நிறுவனமே எர்த் முனையைக் கொடுக்கிறது. நம் வீடுகளுக்கு மின் விநியோக நிறுவனம் பொதுவாகத் தருவது லைனும் நியூட்ரலும் மட்டுமே. எர்த்தை நம் மண்ணில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு டி.டி. முறை என்று பெயர். ஆங்கில நூலின் படத்தைப் பார்த்து மீட்டரடியில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? காற்றில் கிளை விழுந்து நியூட்ரல் அறுந்த நேரத்தில், பல்ப் வழியாகவோ பிரிட்ஜ் வழியாகவோ திரும்பும் மின்சாரம் எர்த் வயரில் ஏறி, வீட்டிலுள்ள உலோகச் சாமான்கள் அத்தனைக்கும் போய்விடும். இணைப்பு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால் இருப்பதால் ட்ரிப் சுவிட்ச் அதை உணராது.

ரொட் ஒன்றே போதும் என்ற நம்பிக்கையும் தவறு. ரொட்டின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேத்தலின் உடலுக்கு மின்சாரம் ஒழுகினால், 230 வோல்ட்டில் மண்ணுக்குப் போகக்கூடியது அதிகபட்சம் 2.3 அம்பியர். 6 அம்பியர் பிரேக்கர்கூட அதற்கு ட்ரிப் ஆகாது. கேத்தல் தொட்டவரை அடித்துக்கொண்டே இருக்கும். காப்பாற்றுவது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் வந்தவுடன் அது துண்டித்துவிடும். மழையிலும் இடியிலும் அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கிவிட்டு 'டிரெக்ட்' செய்துவிடுவதை மன்னிக்கவே முடியாது.

குழாயோடு கட்டும் வயருக்கு, அதாவது பொன்டிங்குக்கு, வேறு வேலை. மலையூற்றிலிருந்து இரும்புக் குழாய் நேராகக் குசினிக்குள் வருகிறது என்று வையுங்கள். கேத்தலில் கோளாறு வந்த நொடியில் எர்த் வயரோடு சேர்ந்த உலோகத்தின் மின்னழுத்தம் உயரும். ஈர மண்ணில் கிடக்கும் குழாயில் அது உயராது. ஒரு கை கேத்தலிலும் மறு கை குழாயிலும் இருந்தால், அந்த வித்தியாசத்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். குழாயைப் பிரதான எர்த் முனையோடு தடித்த வயரால் பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே உயரும். கைகளுக்கிடையே வித்தியாசம் பெரிதாக வராது. பொன்டிங்கின் நோக்கம் அவ்வளவுதான். ரொட்டுக்குப் பதிலாக அது நிற்காது. பிளாஸ்டிக் குழாய்க்கு அது தேவையுமில்லை.

சில இடங்களில் ரொட் அடிக்காமல் இரும்புக் குழாயையே எர்த்தாக்கிவிடுகிறார்கள். குடிநீர் விநியோகக் குழாயை அப்படிப் பயன்படுத்த பி.எஸ். 7671 அனுமதிப்பதில்லை. உடைந்த குழாயில் யாரோ ஒரு துண்டு பிளாஸ்டிக் போட்ட அன்றே எர்த் போய்விடும். ஒரு வீட்டின் பிழை அந்த வீட்டோடு நிற்பதுமில்லை. ஒரே தகரக் கூரை பல காம்பராக்களுக்கு மேல் ஓடும் லயத்தில், ஒரு வீட்டின் வயர் உரிந்து தகரத்தில் பட்டால் அடுத்த காம்பராக்காரருக்கும் அடிக்கும்.

வயரிங் முடிந்ததும் "எர்த் போட்டாச்சு" என்ற சொல்லோடு ஆளை அனுப்பிவிடாதீர்கள். ரொட் எங்கே, அதன் தடை எத்தனை ஓம், குழாய் பிணைத்திருக்கிறதா, நியூட்ரல் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். 200 ஓமுக்கு மேற்பட்ட ரொட்டின் தடை நிலையாக இல்லாமல் போகலாம் என்று பி.எஸ். 7671 எச்சரிக்கிறது. ட்ரிப் சுவிட்சின் 'டி' பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கும். ரொட்டை மீட்டர் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும். அந்த அளவை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.