வழிபாட்டறைப் பொருள்களில் தூய்மை

இல்லத்தின் வழிபாட்டறை திருக்கோயிலின் சிறு வடிவம் என்பர் பெரியோர். திருக்கோயிலில் இறைவனுக்கு நிகழும் திருமஞ்சனம், திருவிளக்கு, நறும்புகை, மலர், அமுது ஆகிய உபசாரங்கள் யாவும் அளவிற் சுருங்கி இல்லத்திலும் நிகழ்கின்றன. இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் சில தலைமுறைகளுக்கு முன்பு வீட்டுத் தோட்டத்திலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் ஊர்ச் செக்கிலிருந்தும் வந்தன. இன்று அவை பெரும்பாலும் உறையிலிடப்பட்டுக் கடையிலிருந்து வருகின்றன. உறையின் மேல் இருப்பது பழைய பெயர்தான். உள்ளே இருக்கும் பொருளோ பல நேரங்களில் வேறு. அவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது வழிபாட்டின் தூய்மைக்கு மட்டுமன்றி, இல்லத்தாரின் உடல் நலத்திற்கும், சிறப்பாகத் தவழும் பருவத்துக் குழந்தைகளின் நலத்திற்கும் இன்றியமையாததாகும்.

திருநீறு

சைவ நூல்கள் திருநீற்றைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நான்காக வகுத்துரைக்கின்றன. இவற்றுள் முதன்மையானது கற்பம். நோயற்ற, கன்றோடு கூடிய பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் தாமரை இலையில் ஏந்தி, உருண்டையாக்கி உலர்த்தி, நீறாகும் வரை எரித்து எடுப்பது அதன் முறை. மகா சிவராத்திரியை ஒட்டி நெற்பதரை மூட்டமாகப் பரப்பி, சாண உருண்டைகளை அதனுள் வைத்து எரித்து, ஆறிய பின் சலித்து எடுக்கும் வழக்கம் சில மடங்களிலும் கிராமத்து வீடுகளிலும் இன்றும் உள்ளது. அவ்வாறு எடுத்த நீறு மென்மையாகவும் சற்றே சாம்பல் படர்ந்த வெண்மையாகவும் இருக்கும். கண்ணைப் பறிக்கும் வெண்மையும் தூக்கலான நறுமணமும் தூய்மையின் அடையாளங்கள் அல்ல. கல்லையும் சுண்ணத்தையும் பொடித்து, செயற்கை மணம் ஊட்டி விற்பதும் உண்டாதலின், விலை மிகக் குறைந்த திருநீற்றை வாங்குமுன் சற்று ஐயுறுதல் நன்று.

திருநீற்றைப் பற்றிப் பேசும்போது அதனைத் தரும் பசுவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019 அக்டோபரில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு கொண்டுவரப்பட்டது. மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்திற்கு மேல் அறுவை செய்து, அதன் இரைப்பையிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அகற்றினர். பசு உண்பதை முதலில் அசையிரைப்பையில் நிரப்பிக்கொண்டு பின்பு அசைபோடும் இயல்புடையது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் பாலித்தீன் பையில் முடிந்து தெருவில் எறிந்தால், பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது; பையோடு விழுங்கிவிடும். பை செரிப்பதில்லை, வெளியேறுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இரைப்பையில் திரண்டு, தீனிக்கு இடமின்றிச் செய்துவிடும். வெள்ளிக்கிழமை பசுவின் நெற்றியில் பொட்டிட்டு வணங்கும் தெருவிலேயே இது நடக்கிறது.

மஞ்சளும் குங்குமமும்

குங்குமம் என்பது மஞ்சளின் மறு வடிவமே. காய்ந்த குண்டு மஞ்சளை எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம் ஆகியவற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ப்பர். மஞ்சளின் நிறப்பொருள் வெங்காரத்தோடும் புளிப்போடும் கூடும்போது சிவக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி நீர் சிவப்பதும் இதையொத்த மாற்றமே. இவ்வாறு செய்த குங்குமம் ஆழ்ந்த அரக்குச் சிவப்பாக இருக்கும். நெற்றியைக் கழுவியபின் கறை நில்லாது.

கடைகளில் கிடைக்கும் பளீரென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் மாவின் மேல் ஏற்றிய செயற்கைச் சாயங்களே. இவை சிலருக்கு நெற்றியில் அரிப்பையும் கருமையான தழும்பையும் உண்டாக்குகின்றன. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருளால் அவ்விடத்தின் தோல் வெளுத்துப் போவதையும் தோல் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

இவற்றினும் கொடியது ஈயம். ஈயத்தைச் சுட்டு எடுக்கும் செந்நிறப் பொடி மலிவானது, நிறம் மங்காதது. வகிட்டில் இடும் சிந்தூரத்தின் 118 மாதிரிகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கி ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது தெரியவந்தது. சிலவற்றில் அதன் அளவு மிக அதிகம். ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது வளரும் மூளையைத் தாக்கி, குழந்தையின் அறிவாற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது, குறைந்தது மீள்வதில்லை. தாயின் நெற்றியிலும் வகிட்டிலும் உள்ள பொடி குழந்தையின் விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் செல்ல நெடுநேரம் ஆகாது. அருள் வேண்டி இடும் பொட்டில் நஞ்சு இருத்தலாகாது என்பதில் இருவேறு கருத்து இருக்க இயலாது.

மஞ்சள் தூளிலும் இக்கலப்படம் உண்டு. ஈய குரோமேட் என்னும் மஞ்சள் நிறப் பொருளைத் தேய்த்து மங்கிய மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்றுவர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதற்கு எளிய வீட்டுச் சோதனை ஒன்றைக் கூறியுள்ளது. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை இட்டால், நல்ல தூள் அடியில் படியும்போது நீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் சேர்ந்ததாயின் நீர் அடர் மஞ்சளாகிவிடும். முழுக் கிழங்கை நீரில் இட்டவுடன் மஞ்சள் நிறம் கரைந்து இறங்குமாயின் அது மெருகேற்றப்பட்டது என்று கொள்ளலாம். கிழங்காக வாங்கிக் கழுவி உலர்த்தி அரைத்துக்கொள்வது இன்றும் பலரால் இயலக்கூடியதே. பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கையே வேகவைத்து உலர்த்திப் பயன்படுத்தும் இல்லங்களும் உள்ளன.

கற்பூரம்

கற்பூரம் கரைந்து மறைவதுபோல் ஆன்மா இறைவனிடம் கலத்தல் வேண்டும் என்பது கற்பூர ஆரத்தியின் கருத்தாகச் சொல்லப்படுவது. அக்கருத்து உயர்ந்தது, பொருள்தான் கவனத்திற்குரியது. முற்காலத்தில் கற்பூரம் கற்பூர மரத்தின் கட்டையிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. இப்போது சூடம் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் பைன் மரத்துக் கர்ப்பூரத் தைலத்திலிருந்து ஆலைகளில் ஆக்கப்படுவது. இது எரிப்பதற்கு மட்டுமே உரியது. திருக்கோயில் தீர்த்தத்தில் ஏலம், கிராம்பு, துளசியோடு சேர்வது பச்சைக்கற்பூரம். அதுவும் உண்ணத்தக்க தரத்தில், ஒரு சிட்டிகைக்கும் குறைவாகவே சேர்க்கப்படுவது. பச்சைக்கற்பூரம் தீர்ந்துவிட்டதென்று இல்லத்துத் தீர்த்தத்தில் சூடத்தைப் பொடித்திடுவது பெரும் பிழை.

வெண்மையாகவும் சிறு வில்லையாகவும் இருப்பதால் சூடம் குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டாகவே தோன்றும். ஏறத்தாழ ஒரு கிராம் அளவு உள்ளே சென்றாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்புத் தோன்றக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது; வலிப்பு வருங்கால் வாந்தி மூச்சுக் குழலில் ஏறிவிடும். 108 ஊர்தியை அழைத்தோ வேறு வகையிலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தலே முறை. சூட உறையையும் உடன் எடுத்துச் செல்லுதல் மருத்துவருக்கு உதவும். சளி பிடித்த கைக்குழந்தையின் மார்பில் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவது பாட்டிமார் வழக்கம். கற்பூரம் மெல்லிய தோலின் வழியாகவும் உட்புகும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதனைச் செய்யலாகாது. சூட டப்பாவை விளக்கின் அருகில், குழந்தைக்கு எட்டும் தாழ்ந்த மணைமீது வைப்பதே பெரும்பாலான இல்லங்களின் பழக்கம். அதனை உயரே மூடி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

புகை படிந்து திருமேனிகளும் சுவர்களும் கருகுவதால், பல திருக்கோயில்களில் கருவறையினுள் சூடத்தை விலக்கி நெய்த்தீபமே காட்டப்படுகிறது. இல்லத்திலும் அவ்வாறே செய்யலாம்.

திருவிளக்கு

விளக்குத் தொண்டு செய்தே சிவபதம் அடைந்த நாயன்மார் பலர். திருவொற்றியூரில் செக்குத் தொழில் மரபில் தோன்றிய கலிய நாயனார் செல்வம் யாவும் தீர்ந்த பின்னும் கூலி செய்து எண்ணெய் வாங்கி ஏற்றினார். கணம்புல்லர், தாம் அறுத்து வந்த புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே திரித்து விளக்காக எரித்தார். கைக்கு எட்டியது எதுவாயினும் அது மெய்யான பொருளாக இருந்தது என்பதே இவ்வரலாறுகளில் நோக்கத்தக்கது.

விளக்கெண்ணெய் என்று தனியே விற்கும் கலவைகள் பலவற்றில் தவிட்டெண்ணெய், பாமாயில் போன்றவற்றுடன் நிறமும் மணமும் கூட்டப்பட்டிருக்கும். ‘விளக்கேற்ற மட்டும், உணவுக்கு அன்று’ என்னும் குறிப்பு உறையில் சிற்றெழுத்தில் இருக்கும். அதனைச் சமையல் எண்ணெயோடு ஒரே அலமாரியில் வைத்தல் கூடாது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் விலை கூடுதலாயினும், ஐந்து திரிக்குப் பதில் ஒரு திரி இட்டால் செலவு சமமாகிவிடும். திரியை நீளமாக வெளியே இழுத்து விட்டால் சுடர் புகையும். சிறிதளவே வெளியில் இருக்குமாறு செய்து, கருகிய நுனியைக் கிள்ளிவிட்டால் சுடர் அமைதியாக நிற்கும்.

தமிழகத்தில் பழங்காலத்தே விளக்குக்கு உரியதாயிருந்தது இலுப்பை எண்ணெய். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருப்பழமண்ணிப்படிக்கரை, தலமரமாகிய இலுப்பையாலேயே இலுப்பைப்பட்டு என்று வழங்கப்படுகிறது. இலுப்பை மலரின் மகரந்தத்தைச் சேர்ப்பதிலும் விதையைப் பரப்புவதிலும் பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. விளக்கு இலுப்பையை விட்டு அகன்ற பின் மரங்களும் குறைந்தன. இலுப்பை எண்ணெய் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தேடுவோர் இருந்தால் நடுவோரும் இருப்பர்.

ஊதுவத்தியும் சாம்பிராணியும் நறுமணம் தருவன எனினும் புகை புகையே. கதவடைத்த சிறு அடுக்ககத்தில் நாள்தோறும் பல வத்திகளை ஏற்றுவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியோர்க்கும் இன்னல் தரும். ஒன்று போதும், சன்னல் திறந்திருக்கட்டும்.

பாத்திரங்கள்

செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்குவதன் காரணம், புளியின் அமிலம் களிம்பைக் கரைப்பதே. அதே காரணத்தால் தயிர், எலுமிச்சைச் சாறு, பஞ்சாமிர்தம் போன்ற புளிப்புப் பொருள்களைப் பூச்சில்லாத பித்தளையிலும் செம்பிலும் வைத்திருத்தல் தகாது. உலோகம் உணவில் இறங்கிவிடும். அபிடேகம் முடிந்தவுடன் வெள்ளி அல்லது எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றிவிடுதல் வேண்டும்.

ஈயம் பூசுதல் என்னும் வழக்கில் ஈயம் என்றது வெள்ளீயத்தை. இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அதனால் ஆனதே. காரீயம் முற்றிலும் வேறான நஞ்சு. மலிவு கருதிக் காரீயம் கலந்து வார்த்த சொம்புகளும் சந்தையில் உண்டு. வெள்ளீயம் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். காரீயமோ கருநீலம் பாய்ந்து, அளவுக்கு மிஞ்சிக் கனக்கும். தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் நிறக் கோடு இழுக்கும். எனினும் சிறிதளவு கலப்பு இருந்தால் கண்ணாலும் கோட்டாலும் அறிய இயலாது. ஆகவே நம்பத்தக்க கடையில் வாங்குதல், ஐயம் இருப்பின் எவர்சில்வரில் சமைத்தல் ஆகிய இரண்டே வழி.

இலையும் பையும் மலரும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 1.7.2022 முதல் நாடு முழுமைக்கும் இவ்வகைப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. 23.12.2021 அன்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. திருமணத்தில் தேங்காயும் தாம்பூலமும் இட்டுத் தந்த அதே பைதான். அர்ச்சனைத் தட்டுக்குரிய தேங்காய், பழம், வெற்றிலை, மலர் யாவும் அதில் அடங்கும். கடைக்காரர் பாலித்தீன் பையை நீட்டுமுன் இதனை நீட்டினால் போதும். வாழையிலை போல அச்சிட்ட தாள்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதே. சூடான பொங்கலுக்கு வாழையிலையோ தொன்னையோ பாக்கு மட்டைத் தட்டோ ஏற்றவை.

மாலையிலும் மாற்றம் புகுந்துள்ளது. வாழைநாரில் தொடுத்த மாலை, மலரோடு நாரும் மட்கிப் போகும். நைலான் நூலில் கட்டியது மலர் மட்கிய பின்னும் நூலாகவே கிடந்து பறவையின் காலைச் சுற்றும். பூக்கட்டுவோரிடம் நாரில் தொடுத்தது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் தொடுத்துத் தருவர். இறைவனுக்குச் சாத்திக் களைந்த நிர்மாலியத்தைக் குப்பையோடு சேர்க்க மனம் ஒப்பாது. ஆற்றிலும் குளத்திலும் விட்டால் நீர் கெடும். சரிகையும் நூலும் நீக்கி, ஒரு மண்தொட்டியில் மலரும் மண்ணும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் நல்ல எருவாகும். கால் படாத இடத்தில் வளரும் துளசிக்கும் வில்வக் கன்றுக்கும் அதனை இடலாம்.