மணலில் ஓடும் இருவீச்சு யந்திரமும் அதன் கலவையும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை எனச் சிதம்பரத்தின் கிழக்கெல்லைவரை நம் கரை பெரும்பாலும் மணற்கரையே. அம்மணலில் மீன்கூடை சுமந்து திணறிச் செல்லும் பழைய மொபெட்டுகளையும், விளையாட்டாய் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞரையும் நம்மிற் பலர் கண்டிருப்போம். அவற்றுட் சில, ‘டூ ஸ்ட்ரோக்’ என வழங்கும் இருவீச்சு யந்திரம் பூண்டவை. ஒசூரில் 1980-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டி.வி.எஸ். 50, 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியன இவ்வகையின. புகை விதிகளால் இவ்வகை வழக்கொழிந்து வரினும், பழையன இன்றும் பேணி ஓட்டப்படுகின்றன. சாலையில் ஆண்டுக்கணக்காய்க் குறையின்றி ஓடிய இத்தகைய வண்டி, மணலில் சிறிது நேரத்திற்குள் பிஸ்டன் இறுகி நின்றுவிடுவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெட்ரோலும் காற்றும் தக்க அளவிற் கலந்தாலன்றி யந்திரம் ஓடாது. எத்தனாற் கலவாத பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த ஆற்றல் வேண்டுமாயின் 13 பங்கிற்குச் சற்றுக் குறைவாய்க் காற்று இருத்தல் நலம். இவ்வளவைத் தருவது கார்புரேட்டரிலுள்ள ஜெட்டு என்னும் நுண்டுளைகளாம். பெட்ரோல் மிகுந்தால் கொழுங்கலவை, குறைந்தால் மெலிகலவை. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் வண்டிகளில், யந்திரத்தின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டிய எண்ணெயும் இத்துளை வழியே செல்கின்றது. ஆகவே கலவை மெலிந்தால் வெப்பம் மிகும். அதனுடன் எண்ணெயும் குறையும். தீமை இரண்டும் ஒருங்கே வருதல் காண்க.

சாலையில் ஓட்டுவோர் திராட்டிலைக் கால் அல்லது அரையளவே திறப்பர்; இடையிடையே மூடுவதால் யந்திரம் இளைப்பாறும். மணலிலோ சக்கரம் புதைவதால் தடை ஓயாது. திராட்டிலை முக்காலுக்கு மேல் திறந்தே வைத்தல் வேண்டும். வேகம் குறைவாதலின் குளிர்விக்கும் காற்றும் குறையும். சாலையில் மறைந்திருந்த மெலிவு இங்கே வெளிப்படுகின்றது.

கார்புரேட்டரின் உறுப்புகள் ஒவ்வொன்றும் திராட்டிலின் ஒவ்வொரு நிலைக்கு உரியன. கால்பாகம்வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும், கால் முதல் முக்கால்வரை ஊசியும், அதற்குமேல் மெயின் ஜெட்டும் ஆட்சி செலுத்தும். மெயின் ஜெட்டின் எண் பெரிதாயின் பெட்ரோல் மிகும். ஊசியின் கிளிப்பைக் கீழ்க்காடிக்கு மாற்றினால் ஊசி உயரும், கலவை கொழுக்கும். மணலிற்கு முதன்மையானது மெயின் ஜெட்டு என்பது இதனாற் போதரும்.

செப்பஞ் செய்யும் முறை யாதெனில், முதலில் இருப்பதினும் பெரிய எண்ணுள்ள ஜெட்டை இடுக. முழுத் திறப்பில் யந்திரம் தடதடவென்று தடுமாறினால் கலவை கொழுமை என்க. பின்னர் ஒவ்வோர் எண்ணாய்க் குறைத்து, தடுமாற்றம் நீங்கிய அளவில் நிறுத்துக. அதற்கும் கீழே செல்லற்க. அதன்பின் ஊசியையும், இறுதியிற் காற்றுத் திருகையும் திருத்துக. முழுத் திறப்பில் ஓட்டிக் கிளட்சைப் பிடித்து உடனே யந்திரத்தை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் பீங்கான் பாலேற்றிய காப்பி நிறமாயின் நன்று, வெள்ளையாயின் மெலிவு, கரிபிடித்து ஈரமாயின் கொழுமை.

ஈண்டு மாணாக்கர் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. கொழுங்கலவையிலிருந்து மெலிந்து வருங்கால் யந்திரம் முன்னினும் சுறுசுறுப்பாய் ஓடும். அச்சுறுசுறுப்பைக் கண்டு மேலும் மெலிவிப்பவன், ஆற்றலின் உச்சியைக் கடந்து வெப்பத்தின் எல்லைக்குள் நுழைகின்றான். பிஸ்டன் விரிந்து உருளையைப் பற்றிக்கொள்ள, பின்சக்கரம் திடுமென நிற்கும். ஓட்டுவோன் தூக்கியெறியப்படுதலும் கூடும். வண்டியையே பிழைப்புக்கு நம்பிய மீன் வியாபாரிக்கு அச்செலவு பல நாட் கூலியாம்.

ஒருமுறை செய்த செப்பம் என்றும் நிலையாது. சித்திரை நண்பகலின் 38 பாகை வெப்பத்திற் பொருந்திய ஜெட்டு, மார்கழிக் காலையின் 22 பாகையில் மெலிவாகும். குளிர்ந்த காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு அடர்த்தி மிக்கது ஆதலால். எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று ஏறக்குறைய 13.5 பங்கே, ஆதலின் தூய பெட்ரோலுக்கு அமைத்த பழைய ஜெட்டு இதற்கு மெலிவாம். ‘யந்திரத்திற்கு நன்மை’ எனக் கருதி எண்ணெயை மிகுத்துக் கலப்பினும், அத்துளை வழிச் செல்லும் பெட்ரோல் அவ்வளவு குறைந்து கலவை மெலியும்.

காற்று வடிகட்டியையும் மறத்தலாகாது. கிழிந்த வடிகட்டி மணலை உட்செலுத்தி உருளையைத் தேய்க்கும். அடைத்த வடிகட்டி கலவையைக் கொழுப்பித்து உண்மையான அளவை மறைக்கும். ஆகவே அதைத் தூய்மை செய்த பின்னரே ஜெட்டைத் தொடுக.

கலிபோர்னியாவின் மணற்குன்றுகளிற் பெயர்பெற்ற பான்ஷி என்னும் நாற்சக்கர வண்டிக்கும் இவ்விதியே. 1987-இல் யமஹா வெளியிட்ட அவ்வண்டியின் 347 கன சென்டிமீட்டர் இருவீச்சு யந்திரத்திற்கு உருளைகள் இரண்டு, கார்புரேட்டர்களும் இரண்டு. இரண்டனுள் ஒன்று மெலியினும் அவ்வுருளை கெடும்.

இதுகாறும் கூறியவற்றால், மணலில் ஓட்டுவோன் கலவையைக் கொழுமையின் பக்கத்திலிருந்தே அணுகுதல் வேண்டும் என்பது பெறப்படும். கொழுமையால் வரும் குறை சிறிது புகையும், கரிபிடித்த ஒரு பிளக்குமே. அவற்றைத் துடைத்துக் கொள்ளலாம். மெலிவினால் உருகிய பிஸ்டனையோ எவராலும் துடைத்துச் சீர்செய்தல் இயலாது.