இணைய விளம்பரமும் பார்ப்போர் கண்ணும்



செய்தித்தாளில் விளம்பரம் செய்யும் வணிகர், அதனை எத்தனை பேர் கண்டனர் என்பதை ஊகித்தே அறிதல் வேண்டும். இணைய விளம்பரத்திலோ, கண்டவர் அதனைச் சொடுக்கினாரா இல்லையா என்பது அந்நொடியே கணக்கில் ஏறிவிடுகிறது. ஆயிரம் முறை காட்டப்பெற்ற விளம்பரம் ஐந்து முறை சொடுக்கப்பெற்றால் அதன் விகிதம் நூற்றுக்கு அரை. இவ்வெண்ணை உயர்த்தும் வழி யாது? உங்களுட் சிலர் சொந்தமாக வலைத்தளம் நடத்துகிறீர்கள். அதன் செலவை விளம்பர வருவாயே தாங்க வேண்டியிருக்கலாம். ஆதலின் இஃது ஏட்டுக் கேள்வி மட்டும் அன்று.

அமெரிக்காவின் 'ஹாட்வயர்ட்' இணைய இதழில் 1994 அக்டோபர் 27 அன்று ஏடி அண்டு டி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வெளிவந்தது. சிறு பட்டை அது. கண்டவருள் நூற்றுக்கு 44 பேர் அதனைச் சொடுக்கினர் என்பர். புதுமைக்கு அத்துணை ஆற்றல்! இன்று அத்தகைய பட்டைக்கு நூற்றுக்கு ஒன்று கிடைப்பதே அரிது.

புதுமை போயிற்று என்பது மட்டும் காரணமன்று. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வே, லேன் என்னும் இருவர் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு வலைத்தளத்தில் குறிப்பிட்ட செய்தியைத் தேடுமாறு சிலரைப் பணித்தனர். அச்செய்திக்குச் செல்லும் வழி பெரிய, பளிச்சென்ற பட்டை ஒன்றில் இருந்தது. தேடியவருட் பலர் அதனைக் காணவே இல்லை! விளம்பரம் போல் தோன்றியதைக் கண் தானே ஒதுக்கிவிட்டது. உரக்கக் கத்தும் ஆசிரியரின் வகுப்பில் மாணவர் உறங்குவதை நான் கண்டிருக்கிறேன். மின்னி மின்னி மறையும் விளம்பரத்தின் கதியும் அதுவே.

ஆகவே, கண் எங்கே செல்கிறதோ அங்கே விளம்பரம் இருத்தல் வேண்டும். படிப்பவர் முதல் சில வரிகளை முழுமையாகப் பார்த்து, பின்னர் இடப்பக்கமாகவே கீழிறங்குவது பெருவழக்கு. வலக்கோடியில் உள்ளது தப்பிவிடும். பத்திகளின் இடையிலும், படித்து முடித்து 'அடுத்து என்ன?' என்று நிற்கும் இறுதியிலும் வைப்பது நன்று. ஆயினும் இறுதிவரை வருவோர் சிலரே என்பதையும் எண்ணுக.

இனிச் சொற்கள். வடிவியல் பாடத்தின் அருகே 'சிறந்த நூல், இன்றே வாங்குக' என்பதைவிட, 'பத்தாம் வகுப்பு வடிவியல்: விடைகளுடன் 200 கணக்குகள்' என்பது மாணவனை நிறுத்தும். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி ஒப்பிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பத்துச் சொடுக்குகளைக் கொண்டு முடிவு கட்டாதீர்.

பொருத்தத்திற்கு விலையும் உண்டு. 2002இல் கூகுள், தேடல் விளம்பரங்களை வரிசைப்படுத்த, விளம்பரதாரர் தரும் விலையைச் சொடுக்கு விகிதத்தோடு சேர்த்து நோக்கத் தொடங்கியது. சொடுக்குக்கு 10 ரூபாய் தருபவரின் விளம்பரம் நூற்றுக்கு ஒரு முறை சொடுக்கப்பட்டால் வரவு 10 ரூபாய். 6 ரூபாய் தருபவரின் விளம்பரம் மூன்று முறை சொடுக்கப்பட்டால் வரவு 18 ரூபாய். குறைந்த விலை தந்தவரே மேலே நிற்பார்.

பதிவிறக்கப் பொத்தானை ஒட்டி விளம்பரத்தை வைத்து, கை தவறிச் சொடுக்கச் செய்வாரும் உளர். எண் உயரும், வந்தவரோ உடனே திரும்பிவிடுவார். பணம் தந்த வணிகருக்குப் பயனில்லை. கூகுளின் விதிகள் இதனைத் தடுக்கின்றன. கணக்கையே மூடிவிடுவதும் உண்டு. தொல்லை தரும் விளம்பரங்களை விடாது காட்டும் தளங்களில், 2018 பிப்ரவரி முதல் குரோம் உலாவி எல்லா விளம்பரங்களையுமே மறைத்துவிடுகிறது.