ஆள்காட்டி விரலைத் தூக்கினால் லிடியன்

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். கிட்டாரில் ஏழு மோடுகளையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி ஃப்ரெட் வரை மனப்பாடம் பண்ணிவிட்டாராம். விரல் எங்கேயும் தடுமாறுவதில்லை. ஆனால் சி லிடியன் வாசித்தால் அவர் காதுக்கே அது ஜி மேஜராகத்தான் கேட்கிறதாம். விரலில் கோளாறா, காதில் கோளாறா என்று கேட்டிருந்தார். இரண்டிலும் இல்லை. அவர் காது சரியாகவே கேட்கிறது. அவர் வாசிக்கும் அறையில்தான் ஒன்று குறைகிறது.

மேஜர் ஸ்கேலும் அரைச்சுரமும் தெரிந்தவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். மேஜரின் நாலாவது சுரத்தை மட்டும் அரைச்சுரம் ஏற்றினால் லிடியன். நம் கணக்கில், சங்கராபரணத்தின் சுத்த மத்யமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்யமத்தை வைத்தால் கல்யாணி. சங்கராபரணம் 29ஆவது மேளம்; அதோடு 36ஐக் கூட்டினால் கல்யாணியின் 65. சுர அளவில் லிடியனும் கல்யாணியே. சி-யிலிருந்து எழுதினால் சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி. இதே ஏழு சுரங்கள்தான் ஜி மேஜரிலும். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

எங்கள் ஊரில் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கோபுரம் நேர் எதிரே தெரியும். அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பெரியப்பா வீட்டுத் திண்ணைக்குப் போனால் வேப்பமரம் பாதிக் கோபுரத்தை மறைத்துக்கொள்ளும். தெருவும் கோபுரமும் இருந்த இடத்திலேயே இருக்கும்; உட்கார்ந்த திண்ணைதான் வேறு. மோடும் அப்படித்தான். ஏழு சுரங்களில் எதன் திண்ணையில் உட்கார்ந்து மற்ற ஆறையும் பார்க்கிறோம் என்பதே விஷயம். நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரியும். குரல் என்னும் ஆதார சுரத்தை ஒவ்வொரு படியாக மாற்றி ஏழு பாலைகளைப் பிறப்பித்தார்கள். அவற்றில் மேற்செம்பாலையைக் கல்யாணியாகத்தான் இசை அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

எனக்கும் முதலில் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே சொல்லிக்கொடுத்தார்கள். ஜி மேஜரை சி-யில் ஆரம்பி, சி-யில் முடி, அதுதான் லிடியன் என்று. இரண்டு வருஷம் அப்படியே ஆரம்பித்து அப்படியே முடித்துக்கொண்டிருந்தேன். காது ஒவ்வொரு முறையும் ஜி-யில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மார்கழிக் காலையில் அப்பா பஜனைக்குக் கிளம்பிய அவசரத்தில் சுருதிப்பெட்டியை அணைக்க மறந்துவிட்டார். ஒரு கட்டையில், அதாவது சி-யில், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே அன்றைய பாடத்தை வாசித்தேன். எஃப் ஷார்ப் வந்த இடத்தில் கை தானாக நின்றது. இரண்டு வருஷமாக வெறும் நாலாவது சுரமாக இருந்தது அன்றைக்கு வெளிச்சமாகக் கேட்டது. வாசகரின் அறையில் குறைவது அந்தச் சுருதிதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள். ஆரம்பப் பாடத்திலேயே எஃப் மேஜர் செவன் என்ற கார்ட் வரும். நாலாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், மூன்றாவது தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட். முதல் தந்தி திறந்தபடி. மேலே இருக்கும் இரண்டு தடித்த தந்திகளைத் தொட வேண்டாம். மீட்டிப் பாருங்கள். இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி மீட்டுங்கள்.

அவ்வளவுதான், லிடியன் வந்துவிட்டது. புதிதாக எந்த விரலையும் வைக்கவில்லை. ஒரு விரலை எடுத்ததும் சி இருந்த இடத்தில் திறந்த தந்தியின் பி ஒலிக்கிறது. எஃப்-க்கு பி தான் பிரதி மத்யமம். இரண்டுக்கும் நடுவே ஆறு அரைச்சுரங்கள், ஸ்தாயியின் சரிபாதி. கோயில் மண்டபத்திலிருந்து திறந்த பிராகாரத்துக்குள் வந்ததும் தலைக்கு மேல் வானம் விரிகிற மாதிரி எனக்கு அந்த மாற்றம் இருக்கும். பஞ்சமம் போய்விட்டதே என்று தோன்றினால், ஐந்தாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலையும், நாலாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டு விரலையும் வையுங்கள். நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அந்த ஐந்து தந்திகளை மட்டும் மீட்டினால் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்.

ஏன் இப்படி மிதக்கிறது? சாதாரண மேஜரில் நாலாவது சுரம் மூன்றாவதற்கு அரைச்சுரம் மேலே, அதை உரசிக்கொண்டே நிற்கிறது. மேஜர் கார்டின் மேல் அதை நீட்டிப் பிடித்தால் காது உறுத்தும். காந்தாரத்துக்கு இறங்கினால்தான் ஆறுதல். ஜாஸ் வாசிப்பவர்கள் அந்தச் சுரத்தில் நிற்காதே என்று மாணவருக்குச் சொல்வது இதனால்தான். லிடியனில் அது ஒரு முழுச்சுரம் தள்ளிப் போய்விடுகிறது. அதன் மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், கீழே இறங்கச் சொல்லி எதுவும் இழுப்பதில்லை.

ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் இன்னும் ஒரு படி போனார். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக ஏறுங்கள்: ச, ப, ரி, த, க, நி. அடுத்து வருவது சுத்த மத்யமம் இல்லை, பிரதி மத்யமம். அதனால் எல்லா ஸ்கேல்களுக்கும் அடித்தளம் லிடியன்தான் என்றார். 1940களில் காசநோயோடு மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் இதை யோசித்து, 1953-இல் நூலாக வெளியிட்டார். ஜாஸ் கலைஞர்கள் மோடுகளின் பக்கம் திரும்பியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்குண்டு. அவர் கணக்கு சரி. அதிலிருந்து எல்லா இசைக்கும் சட்டம் போடுவதை மட்டும் என் காது ஒப்புக்கொள்ளவில்லை.

நோய்ப்படுக்கைக்கும் லிடியனுக்கும் அதற்கு முன்பே ஓர் உறவு உண்டு. 1825-இல் கடுமையான வயிற்று நோயிலிருந்து பிழைத்தெழுந்த பேத்தோவன், தன் 132ஆம் எண் நால்வர் தந்தியிசையின் மூன்றாம் பகுதியை, நலமடைந்தவன் தெய்வத்துக்குச் செலுத்தும் நன்றிப்பாடலாக, லிடியன் மோடில் என்று தலைப்பிலேயே குறித்து எழுதினார். அப்போது லிடியன் அநேகமாகக் கைவிடப்பட்டிருந்தது. தேவாலயப் பாடகர்கள் எஃப்-க்கும் பி-க்கும் உள்ள அந்த இடைவெளியைக் கரடுமுரடாக நினைத்து, பி-யை அரைச்சுரம் இறக்கியே பாடிப் பழகியிருந்தார்கள். அப்படி இறக்கினால் மிஞ்சுவது வெறும் மேஜர். 1547-இல் பன்னிரண்டு மோடுகளை வகுத்து எழுதிய கிளாரியானுஸ் காலத்திலேயே இந்த நிலைதான். ஆனால் தெற்குப் போலந்தின் மலைக்கிராமங்களில் பிடில்காரர்கள் ஏற்றிய நாலாம் சுரத்தை விடவில்லை. ஷோப்பானின் சில மஸுர்காக்களிலும் போலந்து நாட்டுப்புறத்தின் அந்தச் சுரம் எட்டிப் பார்க்கும்.

பேத்தோவனின் அந்தப் பகுதியைக் கேளுங்கள். எஃப் வீடா, சி வீடா என்று காது பல இடங்களில் தடுமாறும். வாசகரே, உங்களுக்கு நேர்வதும் அதேதான். பேத்தோவன் அந்தத் தடுமாற்றத்தையே இசையாக்கினார். நாம் முதலில் வீட்டை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதைத்தான் இன்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கட்டம் கட்டமாகப் படம் போட்ட தாளைக் கொடுத்து, இது லிடியன், இது டோரியன், நாளைக்குள் வேகமாக வாசித்துக்கொண்டு வா என்கிறார்கள். பிள்ளைகள் கண்ணால் படிக்கிறார்கள், விரலால் ஒப்பிக்கிறார்கள். காதுக்கு அதில் வேலையே இல்லை. சுருதி சேராமல் ஒரு வரி பாட விடாத ஊரில், கிட்டார் என்றதும் சுருதியை மறந்துவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. லிடியன் என்றால் நம் கல்யாணிதானே என்று தோளைத் தட்டிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். சுரங்கள் ஒன்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணியின் காந்தாரமும் நிஷாதமும் அசைவில்லாமல் நின்றால் அது கல்யாணியாகுமா? பிரதி மத்யமத்தைப் பஞ்சமத்தின் வாசல் வரை கொண்டுபோய்த் திருப்புவதும், பஞ்சமத்தைத் தாண்டித் தாவுவதும் அந்த ராகத்தின் நடை. லிடியனின் அழகு சுரங்கள் அசையாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக நிற்பதில் இருக்கிறது. ஒன்றை இன்னொன்றின் பிரதியாக்கினால் இரண்டையும் கேட்காமல் போகிறோம்.

வாசகருக்கு இனி சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கைபேசிச் செயலியோ சுருதிப்பெட்டியோ, ஒரு கட்டையில் வையுங்கள். மனப்பாடம் செய்த கட்டங்களைப் பத்து நாளைக்குத் தொடாதீர்கள். இ, எஃப் ஷார்ப், ஜி என்ற மூன்று சுரங்களை மட்டும் மெதுவாக வாசியுங்கள். எஃப் ஷார்ப்பில் ஒரு மூச்சளவு நில்லுங்கள். வாசிப்பதற்கு முன் அதை வாயால் பாடிப் பிடியுங்கள். கார்ட் வேண்டுமென்றால் சி-யும் டி-யும் போதும். ஜி கார்டைக் கிட்டேயே சேர்க்காதீர்கள், அது வந்தவுடன் காது தன் பழைய வீட்டுக்கு ஓடிவிடும். கேட்பதற்கு ஜோ சாட்ரியானியின் 1989ஆம் ஆண்டு ‘ஃப்ளையிங் இன் எ ப்ளூ ட்ரீம்’ இருக்கிறது. அது தொடங்குவது நீங்கள் கேட்ட அதே சி லிடியனில்தான். பத்து நாள் கழித்து, எஃப் ஷார்ப் எப்படிக் கேட்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.