திருவாதிரைக் களிக்கு ஒரு எக்ஸெல் கணக்கு

மார்கழி மாதம் திருவாதிரை அன்று சிதம்பரத்தைச் சுற்றியுள்ள எந்த ஊருக்குப் போனாலும் களி மணக்கும். எங்கள் கீரப்பாளையத்திலும் அப்படித்தான். சேந்தனார் நடராஜருக்குக் களி படைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வீட்டுப் பெரியவர்கள் இரண்டாவது கரண்டியையும் தட்டில் வைத்துவிடுவார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஒரு வருடம் திருவாதிரைக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு டாக்டர் என்னிடம், "எடையில் 6 கிலோ குறைய வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இனிப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். எவ்வளவு குறைப்பது என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வீட்டுக்கு வந்ததும் "இனிமேல் இனிப்பே கிடையாது" என்று அறிவித்தேன். அந்த அறிவிப்பு நான்கு நாட்கள் உயிரோடு இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் லட்டு.

வீட்டில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். பிள்ளைகளுக்கு கேம்ஸ், எனக்குச் செய்தித்தாள். அதற்கு மேல் அதில் என்ன செய்வது என்று தெரியாது. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இதே நிலைதான். அந்த லட்டுக்குப் பிறகு ஒரு வாரம், வாயில் போட்ட சர்க்கரை அத்தனையையும் எக்ஸெலில் எழுதிப் பார்த்தேன். களியை விட வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொன்னது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நீங்களும் போட்டுவிடலாம்.

முதலில் ஸ்பூனை அளந்துகொள்ளுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. மளிகைக் கடையில் 100 கிராம் சர்க்கரையைத் தனியாக நிறுத்து வாங்கி வாருங்கள். வீட்டில் டீ போடும்போது பயன்படுத்தும் அதே ஸ்பூனால், வழக்கமாக அள்ளுவது போலவே அள்ளி எண்ணுங்கள். 20 முறை வந்தால் உங்கள் ஸ்பூனுக்கு 5 கிராம். எங்கள் வீட்டு ஸ்பூனுக்கு 20 வந்தது. குவித்து அள்ளுகிறவர்களுக்கு 14, 15தான் வரும். அவர்கள் ஒரு ஸ்பூன் என்று நினைத்துப் போடுவது ஒன்றரை ஸ்பூன்.

சர்க்கரை 1 கிராமுக்கு 4 கலோரி. 5 கிராம் ஸ்பூனுக்கு 20 கலோரி. உணவு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரிதான். பாக்கெட்டில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருந்தாலும் அது இதேதான், குழம்ப வேண்டாம்.

தாள் போடும் முறை

எக்ஸெலைத் திறந்து பிளாங்க் ஒர்க்புக் என்பதை கிளிக் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் என்ற தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராமில் இங்கு சொல்லும் எல்லாமே வேலை செய்யும்.

முதல் வரிசையில் ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1 கட்டத்தில் தேதி, பி1ல் பண்டம், சி1ல் கிராம், டி1ல் 100 கிராமுக்குக் கலோரி, ஈ1ல் கலோரி. தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

இரண்டாம் வரிசையில் விவரங்களை நிரப்புங்கள். தேதிக்காக ஒவ்வொரு முறையும் டைப் செய்ய வேண்டியதில்லை. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் அன்றைய தேதி வந்து உட்கார்ந்துவிடும். பண்டம் என்ற இடத்தில் டீ சர்க்கரை, கிராமில் 10, அடுத்ததில் 400 என்று கொடுங்கள்.

இனி ஃபார்முலா. ஈ2 கட்டத்தை கிளிக் செய்து = குறியைத் தட்டுங்கள். மவுஸால் சி2 கட்டத்தை கிளிக் செய்யுங்கள். * குறியைத் தட்டி டி2 கட்டத்தை கிளிக் செய்யுங்கள். கடைசியாக /100 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 40 என்று விடை வரும். இப்போது ஈ2 கட்டத்தை மீண்டும் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து 200வது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். இனி கிராமையும் 100 கிராமுக்கான கலோரியையும் கொடுத்தால் போதும், பெருக்கல் வேலையை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும்.

இங்கே எல்லோரும் ஒரு முறை விழும் பள்ளம் ஒன்று உண்டு. சி கட்டத்தில் "10 கிராம்" என்று எழுத்தோடு சேர்த்து டைப் செய்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. விடைக்குப் பதிலாக வேல்யூ என்ற பிழைச் செய்தி வரும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று பயந்துவிடாதீர்கள். எழுத்தை அழித்து 10 என்று மட்டும் வைத்தால் சரியாகிவிடும்.

100 கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று எங்கே பார்ப்பது? கடையில் வாங்கும் பாக்கெட் என்றால் பின்பக்கத்திலேயே இருக்கும். அரிசி, பருப்பு, வெல்லத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணை இருக்கிறது. இந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்தான், 1918ல். 1958ல் ஹைதராபாத் போனது. 2017ல் 528 உணவுப் பொருட்களுக்கு அவர்கள் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை பிடிஎஃப் ஃபைலாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் கலோரி இருக்காது, கிலோ ஜூல் கணக்கில் இருக்கும். 4.184ஆல் வகுத்தால்தான் கலோரி. நான் வகுக்காமல் அப்படியே போட்டு, எங்கள் வீட்டுக் களி ஒரு கிண்ணம் 900 கலோரி என்று விடை வந்து, அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

களியைப் பிரித்துப் பார்த்தால்

வீட்டில் செய்யும் பண்டத்துக்குத் தனித் தாள் வேண்டும். திரையின் அடியில் உள்ள + குறியை கிளிக் செய்தால் புதிய தாள் கிடைக்கும். அதிலும் அதே தலைப்புகள், அதே ஃபார்முலா. களி கிண்டும்போது ஒவ்வொரு சாமானையும் நிறுத்துப் போடச் சொன்னேன். "நெய்க்குக்கூட தராசா? நல்லா இருக்குங்க உங்க கணக்கு" என்று வீட்டில் பேச்சு விழுந்தது. ஆனாலும் நிறுத்தோம். அட்டவணை எண்களை முழு எண்ணாக்கிக் கீழே தருகிறேன்.

பச்சரிசி 200 கிராம் (100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி): 700
பாசிப்பருப்பு 50 கிராம் (330): 165
வெல்லம் 250 கிராம் (370): 925
தேங்காய்த் துருவல் 50 கிராம் (420): 210
நெய் 50 கிராம் (900): 450
முந்திரி 20 கிராம் (590): 118

இந்த எண்களுக்குக் கீழே உள்ள காலிக் கட்டத்தை கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டுத்தொகை 2568. எங்கள் வீட்டில் இந்த அளவுக்கு 12 கிண்ணம் வரும். 12ஆல் வகுத்தால் கிண்ணத்துக்கு 214 கலோரி.

இனிமேல்தான் எக்ஸெலின் அருமை தெரியும். வெல்லத்தின் 250ஐ 200 ஆக்கிப் பாருங்கள். மொத்தம் தானாகவே 2383 ஆகிறது, 185 குறைவு. வெல்லத்தை மறுபடி 250க்குக் கொண்டுவந்து நெய்யை 25 ஆக்குங்கள். 225 குறைகிறது! 50 கிராம் வெல்லத்தை எடுப்பதைவிட 25 கிராம் நெய்யை எடுப்பதில் லாபம் அதிகம். இனிப்பு என்றாலே சர்க்கரைதான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். இரண்டையும் குறைத்தால் கிண்ணம் 180 கலோரிக்கு வருகிறது. அந்த வருடம் அப்படித்தான் கிண்டினோம். நெய் குறைந்தது நாக்குக்குத் தெரிந்தது, மறுக்கவில்லை. வெல்லம் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

வெல்லத்தைப் பற்றி இன்னொன்று. டீக்கடை வாசலில் எல்லாம் நாட்டுச் சர்க்கரை டீ என்று போர்டு தொங்குகிறது. வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ, கலோரியில் வெள்ளைச் சர்க்கரையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ருசிக்காகக் குடிக்கலாம். எடை குறையும் என்று நம்பி இரண்டாவது டம்ளர் வாங்கினால் நஷ்டம்தான்.

ஒரு வாரக் கணக்கு

முதல் தாளுக்கு வருவோம். ஏழு நாட்கள் எழுதியபின் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் என்பதை கிளிக் செய்து, பண்டம் என்ற பத்தியின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே பண்டங்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து இதைச் செய்யாதீர்கள். பண்டம் இடம் மாறும், கலோரி மாறாது, லட்டுக்கு நேரே வெள்ளரிக்காய்க் கணக்கு நிற்கும். அப்படி ஆகிவிட்டால் உடனே கன்ட்ரோலுடன் இசட் கீயை அழுத்துங்கள், பழையபடி வந்துவிடும்.

இப்போது டீ சர்க்கரை உள்ள வரிசைகளின் கலோரியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் திரையின் அடியில் கூட்டுத்தொகை தெரியும்.

என் கணக்கில் அந்த வாரம் "இனிப்பு" என்று நானே ஒப்புக்கொண்டவை, கல்யாண லட்டு ஒன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பாயசம் ஒரு டம்ளரும். இரண்டும் சேர்ந்து சுமார் 500 கலோரி. டீ சர்க்கரையின் கூட்டுத்தொகை 1400. நாளைக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன், 50 கிராம், 200 கலோரி, ஏழு நாள். பால் கணக்கு தனி. இரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து பயந்து ஒரு லட்டைத் தின்றவன், ஆறேழு லட்டுக்குச் சமமானதை டம்ளரில் கரைத்துக் குடித்திருக்கிறேன். அதில் ஒரு வாய்கூட இனிப்பு சாப்பிட்ட திருப்தியைத் தந்ததாக நினைவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றில் இருந்து வரும் கலோரி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதிலும் பாதியானால் இன்னும் நல்லது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், இல்லையென்றால் 25 கிராம். என் 50 கிராமையும் டீயே தீர்த்துவிட்டது. களிக்கு இடம் இல்லாமல் போனது இதனால்தான்.

டீக்கு ஒரு ஸ்பூன் குறைத்தால் நாளைக்கு 100, வாரத்துக்கு 700 கலோரி மிச்சம். மூன்று கிண்ணம் பழைய களியைவிட அதிகம் இது. ஒரே நாளில் 2 ஸ்பூனிலிருந்து 1க்கு இறங்கினால் டீ கஷாயம் போல இருக்கும். வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் இறக்குங்கள். நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடுகிறது. எனக்கு இப்போது பழைய 2 ஸ்பூன் டீ கொடுத்தால் குடிக்க முடிவதில்லை. கடையில் டீ சொல்லும்போதுதான் சிரமம். "சர்க்கரை கம்மி" என்பதற்கு ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

வேறு சில வழிகள்

சாயங்காலம் நான்கு மணிக்கு வரும் இனிப்பு ஆசைக்குப் பழம் நல்ல மாற்று. பண்ருட்டிப் பலாச்சுளை 100 கிராம் 100 கலோரிக்குள்தான். அதே பண்ருட்டி முந்திரி 100 கிராம் 600 கலோரியை நெருங்கும். இரண்டும் ஒரே ஊர்ச் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன, எந்தக் கூடைப் பக்கம் கை போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகர் ஃப்ரீ என்று எழுதிய இனிப்புப் பெட்டிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். சர்க்கரை இல்லையென்றாலும் நெய்யும் கோவாவும் முந்திரியும் உள்ளே இருக்கும். களியில் நெய் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம். பாக்கெட்டின் பின்பக்கம் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்ற வரிகளுக்கு மேலே உள்ள கலோரி வரியையும் படியுங்கள். டீயில் போடும் செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் பொறுத்தவரை, எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கலோரிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு களிக் கிண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டாம். 200 கலோரி முந்திரியும் 200 கலோரி வெல்லமும் ரத்தத்தில் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். ஒரு வாரத் தாளை பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பிரிண்டர் இல்லாவிட்டால் திரையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனாலும் போதும். நான் காட்டியபோது டாக்டர் லட்டு வரிசையைக் கவனிக்கவே இல்லை. பேனாவை எடுத்து டீ வரிசையை வட்டம் போட்டார்.

களித் தாளை மட்டும் தனியாகக் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தாளின் பெயர் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, மூவ் ஆர் காப்பி என்பதைத் தேர்ந்தெடுத்து, கிரியேட் எ காப்பி கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுத்தால் இன்னொரு தாள் கிடைக்கும். பொங்கல் வந்தால் அதில் அரிசி, வெல்லம், நெய் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சர்க்கரைப் பொங்கல் கணக்கு தயார்.